கேட்காமல் கொடுத்த காணிக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான்கைந்து வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

ஒன்பது வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தேன். அழைப்பில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏழு பேரோடு தொடங்கினோம், ஒரு கட்டத்தில் நாற்பது பேர் வரை வந்தார்கள். இப்போது பதினைந்து பேர்தான். எங்களுக்குப் பிறகு தொடங்கிய சபைகளெல்லாம் வளர்கின்றன. சேமிப்பு தீர்ந்துவிட்டது. பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி முதல் ஆத்துமாவுக்காக, முதல் விசுவாசிக்காக, ஏழு வருடம் காத்திருந்தார் என்பதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

என் மனைவி நல்லவள். ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்கு விசுவாசம் குறைவு. "போதும்" என்கிறாள். அதையும் நான் சுமக்க வேண்டிய சிலுவையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

தொடர்வதா, நிறுத்துவதா? எது பொறுமை, எது வெறும் பிடிவாதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாற்பது நாள் உபவாசம் இருந்து கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அம்மாவின் பழைய பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு காகிதம் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தை வாசித்தேன். அதனால் இந்தப் பதில் நீங்கள் கேட்டதை விட்டு வேறு பக்கம் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மற்ற சபைகள் வளர்வது பற்றி என்னிடம் பேசாதீர்கள். பதினைந்து பேரின் முகத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய வேண்டியவர் அடுத்த கூடாரத்தின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தால், அந்தப் பதினைந்து பேருக்கும் அது தெரிந்துவிடும்.

பொறுமையா பிடிவாதமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் வேதாகமத்தில் 'பொறுமை' என்று வரும் பல இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஹுப்போமொனே' என்ற சொல். பாரத்துக்குக் கீழே ஓடிப்போகாமல் நிற்பது என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். அந்தப் பொறுமை பவுலிடம் எவ்வளவு இருந்தது என்று உங்களுக்கே தெரியும். "ஒன்றுகுறைய நாற்பதடியாக ஐந்துதரம் அடிபட்டேன்" என்கிறார். மொத்தம் 195 அடி. அதே பவுல்தான் அப்போஸ்தலர் 16-ல் ஆசியாவுக்குப் போகப் பார்த்து, தடைபட்டு, பித்தினியாவுக்குப் போகப் பார்த்து, அங்கேயும் தடைபட்டு, கடைசியில் துரோவாவுக்கு வந்து நிற்கிறார். அடிக்கு அஞ்சாத மனிதர், வழி அடைபட்டதும் திரும்பினார். அதைப் பின்வாங்குதல் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் கூடுகையை நிறுத்தினால் நீங்கள் பின்வாங்கிப்போனவர் ஆகமாட்டீர்கள். தொடர்ந்தாலும் தவறில்லை. இதற்கு மேல் அதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறு வரி. "அதையும் நான் சுமக்க வேண்டிய சிலுவையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்."

தம்பி, இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? ஒன்பது வருடம் கையிருப்பு கரையக் கரைய வீட்டை ஓட்டியவர் அவர். பதினைந்து பேரில் அவரும் ஒருவர், இல்லையா? மற்ற பதினான்கு பேரும் போனாலும் உட்கார்ந்திருக்கப்போகிறவரும் அவர்தான். அவர் "போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் சிலுவை ஆகிவிட்டாரா? "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்றுதான் லூக்கா 9:23 சொல்கிறது. தன் சிலுவை. உங்களுடையதை நீங்கள் எடுத்தீர்கள், சரி. அதன் மறுமுனை யார் தோளில் இருக்கிறது என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா? இன்னொருவர் சிலுவையைச் சுமந்த ஒரு மனிதன் சுவிசேஷத்தில் உண்டு, சிரேனே ஊரானாகிய சீமோன். அவன் தானாக வரவில்லை, பலவந்தம்பண்ணினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். பலவந்தம்பண்ணியது போர்ச்சேவகர்கள். இயேசு அவனிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எங்கும் இல்லை.

கேரியை நினைத்துத் தேற்றிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அவர் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான். செருப்புத் தைத்த மனிதர், அத்தனை மொழிகளில் வேதத்தை மொழிபெயர்த்தவர். 1812-ல் அச்சகம் எரிந்து பல வருட உழைப்பு சாம்பலானபோதும் மறுபடி உட்கார்ந்து எழுதியவர். அவரிடம் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த ஏழு வருடத்தை அவர் மட்டும் காத்திருக்கவில்லை.

அவர் மனைவி டோரதி. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் ஒரு குறி மட்டும் வைத்த பெண். 1793-ல் கேரி இந்தியாவுக்குப் புறப்பட முடிவெடுத்தபோது கர்ப்பமாக இருந்தார், வரமாட்டேன் என்றார். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கப்பலில் அனுமதிச் சிக்கல் வந்து இறங்க வேண்டியதாயிற்று, திரும்பி வந்தார். அதற்குள் குழந்தை பிறந்திருந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தார். பிறகு கேரியின் துணை ஊழியர் தாமஸ் தனியாகத் திரும்பிப் போய், வராவிட்டால் வாழ்நாளெல்லாம் வருந்துவாய் என்று வற்புறுத்தினார். தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று டோரதி இணங்கினார். கைக்குழந்தையோடு ஐந்து மாதக் கடல் பயணம். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன் பிறகு டோரதியின் மனம் கலங்கியது, தேறவே இல்லை. 1807-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 12 வருடம் அப்படியே. நீங்கள் சொல்கிற அந்த முதல் ஆத்துமா, கிருஷ்ண பால், 1800 டிசம்பர் 28-ம் தேதி ஞானஸ்நானம் பெற்றார். கேரி அவரோடு ஆற்றில் இறங்கிய அன்று டோரதி ஓர் அறைக்குள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்.

ஏழு வருடக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த அறையைச் சொல்வதில்லை. நீங்களும் இனி சொல்வதானால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை எழுதினால் உடனே ஆபிரகாமைக் கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஈசாக்கைப் பலியிடக் கூட்டிப்போகுமுன் சாராளிடம் கேட்டானா என்பார்கள். கேட்டதாக எழுதவில்லை. ஆனால் கத்தியை நிறுத்தியவர் தேவன். அதை விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. பேதுருவையும் சொல்வார்கள். "எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே" என்ற அதே பேதுரு, பிற்பாடு ஊழியத்தில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனது 1 கொரிந்தியர் 9-ல் இருக்கிறது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களிடம் ஆண்டவர் எவ்வளவு கோபமாகப் பேசினார் என்று மாற்கு 7-ஐ எடுத்து வாசியுங்கள். கொடுத்தது தேவனுக்குத்தான், ஆனால் எடுத்தது அடுத்தவருடைய கையிலிருந்து.

இனி அந்தக் காகிதம்.

என் அப்பாவும் முழுநேர ஊழியர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியுமுன் முழங்காலில் நிற்பார். முட்டி இரண்டும் காய்த்துக் கறுத்திருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எந்த நேரமும் நடந்தே போவார். அவர் பட்ட பாடு பொய்யில்லை.

கூட்டங்களில் சாட்சி சொல்வார். "வேலையை விட்டேன். வீட்டை விட்டேன். வருமானத்தை விட்டேன்." எல்லாம் '-ஏன்' என்றே முடியும். அம்மா மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில். அப்பா "விட்டேன்" என்று தொடங்கியதும் அம்மா கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்து மடிக்கத் தொடங்குவார். இரண்டாக, நான்காக, எட்டாக. அதற்கு மேல் மடியாது. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். சபை "ஆமென்" சொன்னதும் விரலைத் தளர்த்துவார், துணி மெல்ல விரியும். சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து நானும் என் கைக்குட்டையை மடித்திருக்கிறேன்.

அம்மா ஆசிரியை. கணக்கு வாத்தியார். ஊழியத்துக்காக நாங்கள் இடம் மாறியபோது அந்த வேலை போயிற்று. அப்பாவின் சாட்சியில் "வருமானத்தை விட்டேன்" என்று வருகிறதே, அது அம்மாவின் சம்பளம். அப்பா தன் வேலையை அதற்கு இரண்டு வருடம் முன்பே விட்டுவிட்டார். அந்த இரண்டு வருடம் நாங்கள் சாப்பிட்டது அம்மா சம்பாதித்ததை.

பெட்டியில் கிடைத்தது அம்மாவின் ராஜினாமாக் கடிதத்தின் நகல். முழுவதும் அப்பாவின் கையெழுத்து. அவர் பிரசங்கக் குறிப்பு எழுதுவாரே, அதே சாய்வான எழுத்து. "தேவ ஊழியத்தினிமித்தம் மனமுவந்து" என்று இருக்கிறது. அடியில் அம்மா பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்.

அப்பா போன பிறகு ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன், உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேலை போனது வருத்தம் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அது நான் கொடுத்ததாக இருந்திருக்கும்" என்றார்.

தம்பி, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் நீங்கள் பிடித்துக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சொல்வேன். கேட்காமல் எடுத்தால் அது பலி ஆகாது. ஆண்டவரே தம் ஜீவனைப் பற்றி "நானே அதைக் கொடுக்கிறேன்" என்றார், ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார். "உங்கள் சரீரங்களை" ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்றுதான் பவுலும் ரோமருக்கு எழுதினார். தாவீது ராஜா நினைத்திருந்தால் அர்வனாவின் களத்தைச் சும்மாவே எடுத்திருக்கலாம். அர்வனாவும் கொடுக்கத் தயாராக இருந்தான். ஆனாலும் 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, அதற்குப் பிறகுதான் பலியிட்டான். தன் கையிலிருந்து போகாததைத் தேவனுக்கு வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

கேட்டால் பாடு குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சனைப் பாருங்கள். ஆன் என்ற பெண்ணை மணக்க விரும்பி 1810-ல் அவள் தகப்பனுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மகளை அனுப்பிவிட்டு இந்த உலகத்தில் இனி பார்க்காமலே இருக்கச் சம்மதிப்பீர்களா, கடலின் ஆபத்துக்கும் வறுமைக்கும் ஒருவேளை கொடிய மரணத்துக்கும் அவளை ஒப்புக்கொடுப்பீர்களா என்று ஒன்றையும் மறைக்காமல் கேட்டார். தகப்பன் முடிவை மகளிடமே விட்டார். ஆன் யோசித்து, தானே சம்மதித்தார். முதல் விசுவாசிக்காக அவர்களும் ஆறு வருடம், 1819 வரை, காத்திருந்தார்கள். 1824-ல் ஜட்சன் சிறையில் அடைக்கப்பட்டபோது ஆன் சிறைவாசலுக்கு நடந்தார், பிறகு பிறந்த கைக்குழந்தையோடும் நடந்தார், அவருடைய பர்மிய வேத மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். 1826-ல் 36 வயதில் இறந்தார். டோரதியைவிட இளவயதிலேயே. எது குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையை வாசிக்கும்போது அது அவர் கொடுத்தது என்று தெரிகிறது. டோரதியினுடையதை வாசிக்கும்போது எனக்கு அந்தக் கைக்குட்டைதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே உபவாசம் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். தீர்மானத்தை வைத்துக்கொண்டு சம்மதம் வாங்கப் போகாதீர்கள், அது தாமஸ் செய்த காரியம். "இந்த ஒன்பது வருடத்தில் உன்னிடமிருந்து என்னென்ன போயிற்று?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வசனம் எதுவும் சொல்லாமல் இருங்கள். கஷ்டமாக இருக்கும். நடுவில் பதில் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். பிள்ளைகளும் கேட்கிற வயதாக இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பள்ளி மாறியபோது அவர்கள் விட்டுவந்த சிநேகிதர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உங்கள் கண்ணீரையும் நான் மதிக்கிறேன். ஒன்பது வருடம் பதினைந்து பேருக்காக ஜெபிப்பது எளிதில்லை. என் அப்பாவிடம் பேச முடியாததை உங்களிடம் பேசுகிறேனோ என்னவோ. அவருக்கு எட்டாதது உங்களுக்கு எட்டினால் நல்லது.

மறுபடி எழுதுங்கள். தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தின் கடைசிப் பத்தியை உங்கள் மனைவி எழுதட்டும், அவர் கையாலேயே. நீங்கள் சொல்லச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அக்கா