சிலுவையடியில் நிற்பவர்கள் அறிந்தது

கேள்வி: இறையியல் வகுப்பு ஒன்றில், ‘இயேசு நமக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்றார், பிதாவின் கோபம் தணிந்தது, பாவநிவாரணம் பற்றிச் சபை மக்கள் அறிந்தது இவ்வளவுதான்’ என்று ஆசிரியர் சொன்னார். சாதாரண விசுவாசிகளின் புரிதல் அவ்வளவு குறுகியதா? (வாசகர், பெரம்பூர், சென்னை)

பதில்: குறுகியதன்று. கோட்பாடுகளின் பெயரை அறியாதவர்கள் அவற்றின் உட்பொருளையும் அறியார்கள் என்று முடிவுகட்டியவர், அந்த மக்கள் ஆண்டுதோறும் எதைப் பாடுகிறார்கள், எதன்முன் முழந்தாளிடுகிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

325இல் நிசேயாவிலும் 451இல் கல்செதோனிலும் கூடிய திருச்சபைப் பேராயர்களின் சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை வரையறுத்தனவேயன்றி, அவருடைய மரணம் எவ்விதம் நம்மை மீட்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தை விதிக்கவில்லை. கடவுளின் மகிமைக்கு ஈடுசெய்தல் என்ற விளக்கத்தை இறையியலாளர் ஆன்செல்ம் எழுதி முடித்தது 1098இல். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இயேசுவின் சிலுவையின் துண்டு எனப் போற்றப்பட்ட திருப்பண்டம் பிரான்ஸிலுள்ள புவாத்தியே நகரத்துக்கு வந்தபோது கவிஞர் வெனான்சியுஸ் ஃபொர்த்துனாத்துஸ் இயற்றிய பாடல், உலகத்தின் விலை சிலுவையின் கரங்களில் தொங்கியதையும் பாதாளத்தின் இரை பறிக்கப்பட்டதையும் ஒரே செய்யுளில் சொல்லிவிட்டது. விலையா, வெற்றியா என்ற வழக்கு பாடியவர்களிடையே எழவில்லை.

நம் சென்னையிலேயே பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் புனித வெள்ளியன்று நடக்கும் மும்மணி (மூன்று மணிநேர) தியான ஆராதனையில், பகைவருக்கு மன்னிப்பு, கள்ளனுக்குப் பரதீசு, தாயைப் பற்றிய கவலை, கைவிடப்பட்டவரின் கதறல், முடிந்தது என்ற அறிவிப்பு உட்பட, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் வரிசையாகத் தியானிக்கப்படுகின்றன. தண்டனை என்ற ஒரு சூத்திரத்துக்குள் இவ்வளவும் அடங்காது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மூன்றாம் வார்த்தையில் உடைந்து அழுகிறாள். எவரும் துணைநில்லாத நிலையில் வந்தவர் நான்காம் வார்த்தைக்காகவே காத்திருக்கிறார்.

கத்தோலிக்க ஆலயங்களில் அன்று திருப்பலி இல்லை. யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டபின் திருச்சிலுவை ஆராதனை நடைபெறும். வரிசையில் வரும் தாய், தான் முத்தமிட்டபின், இடுப்பிலிருக்கும் குழந்தையின் நெற்றியை ஆணியடித்த பாதத்தில் ஒற்றி எடுக்கிறாள். கோபம் தணிக்கப்பட்ட கணக்கை அவள் அங்கே சரிபார்க்கவில்லை; தன் குழந்தைக்கு அடைக்கலம் கேட்கிறாள். மறுநாள் இரவு, உயிர்ப்பு விழாவின் திருவிழிப்பில் பாடப்படும் பாஸ்காப் புகழுரையிலோ, ஆதாமின் கடன் தீர்ந்ததும் மரணத்தின் தளைகள் தகர்ந்ததும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன.

பிதா கோபக்காரர், குமாரன் மட்டுமே அன்புள்ளவர் என்று எண்ணவைக்கும் பிரசங்கங்கள் நம்மிடையே உண்டு. அவை கண்டிக்கத்தக்கவை, உலகத்தில் அன்புகூர்ந்து குமாரனைத் தந்தவர் பிதாவே என்று யோவான் 3:16 சொல்கிறது. ஆயினும் அது பிரசங்கபீடத்தின் குறை. அதைச் சபை மக்களின் தலையில் கட்டுவது நியாயமன்று. இந்தக் குறையைக் காரணங்காட்டி, ‘எனக்காக மரித்தார்’ என்பதையே கைவிடச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நற்கருணையில் ‘உங்களுக்காக’ என்று கேட்டு அப்பத்துக்குக் கைநீட்டுகிறவரிடமிருந்து அதைப் பறிக்க எந்த வகுப்புக்கும் உரிமை கிடையாது.

உங்கள் ஆசிரியரிடம், பாமாலைப் புத்தகத்தில் பாடுகளின் பாடல்களையும் உயிர்த்தெழுதலின் பாடல்களையும் சேர்த்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். மக்கள் அறியார்கள் என்று அவர் கருதும் கோட்பாடுகளை அவர்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறார்கள்.