கோல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பார்வை இழந்தவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் தரப்படும் மறுவாழ்வுப் பயிற்சி பற்றி வாசகர்கள் கேட்டவை. அத்துறையில் பயிற்சி தருகிறவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கப்பாவுக்கு 54 வயசுங்க. தறி ஓட்டிட்டு இருந்தவரு. சர்க்கரையால ரெண்டு கண்ணும் போயிருச்சு. வெள்ளைக் கோல் வாங்கிக் குடுத்தோம். நாலு எட்டு வெக்கறதுக்குள்ள தரையில குத்தி வயித்துல இடிக்குதுன்னு மூலையில சாத்தி வெச்சுட்டாரு. என்ன பண்றதுங்க?
– வாசகி, சோமனூர்

பதில்: முதலில் நீளத்தைப் பாருங்கள். அப்பா செருப்புப் போட்டு நிமிர்ந்து நிற்கட்டும். தரையிலிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி வரை கோல் வர வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்குச் சுமார் 120 செ.மீ. இதைவிடக் குட்டையாக இருந்தால் பள்ளமோ கல்லோ தெரிவதற்குள் கால் அதன்மேல் போய்விடும்.

அடுத்தது முனை. கடையில் பெரும்பாலும் கிடைப்பது பென்சில் போன்ற ஒல்லியான முனை. சிமென்ட் தரையில் அது சரி. மண் தடத்திலும் ஜல்லியிலும் சிக்கிக்கொள்ளும். உங்கள் பக்கத்துச் சந்துகளுக்குத் தடித்த, உருளும் முனைதான் ஏற்றது. முனை ஒரு பக்கமாகத் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது, பிடி. கை தொப்புளுக்கு நேராக, உடம்பை விட்டுச் சற்று முன்னால் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் கோலின் மேல் நீட்டி இருக்கட்டும். ஆட்டுவது மணிக்கட்டு மட்டுமே, தோள் அல்ல. இரண்டு தோள்களுக்கும் வெளியே இரண்டு மூன்று செ.மீ. வரை முனை போய்வர வேண்டும். வலது கால் முன்னால் போகும்போது முனை இடப்பக்கம் தட்டும்; இடது கால் போகும்போது வலப்பக்கம். கை நடுவில் இல்லாமல் இடுப்போரம் ஒதுங்கினால் நடையும் மெல்ல ஒரு பக்கம் சாயும். சாக்கடை ஓரத்துக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான்.

ஆனால் எடுத்த எடுப்பில் தெருவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கோல் இல்லாமல் வீட்டுக்குள் தொடங்குங்கள். கட்டிலிலிருந்து ஆசாரம் (கூடம்), ஆசாரத்திலிருந்து பொடக்காளி (கொல்லைப்புறம்). விரல்களை லேசாக மடக்கி, புறங்கைப் பக்கத்தை இடுப்பு உயரத்தில் சுவரோடு உரசியபடி நடக்கட்டும். விரல்நுனியை நீட்டினால் கதவு நிலையில் இடித்து மடங்கும். கதவு முழுக்கத் திறந்திருக்கணும், இல்லையென்றால் முழுக்கச் சாத்தியிருக்கணும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியைத்தான் பிடிக்கும். கட்டுத்தரையில் மாடு கட்டிய கயிறு முழங்கால் உயரத்தில் இருந்தால் கோல் அடியில் நுழைந்து போய்விடும், கால் மாட்டிக்கொள்ளும். அந்த வழியையே விட்டு வேறு வழி பழக்குங்கள்.

தறிச்சத்தம் உங்கள் ஊரில் பெரிய விஷயம். எந்தக் கொட்டகை எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குச் சத்தமே சொல்லிவிடும், நல்ல அடையாளம். ஆனால் அதே சத்தம் வண்டி வருவதை மறைத்துவிடும். ரோட்டைக் கடக்கும் இடத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.

சர்க்கரையால் பாதம் மரத்திருக்கலாம் என்பதால் வீட்டுக்குள்ளும் செருப்பு அவசியம். விரல் உணர்வு குறைந்திருந்தால் பிரெய்ல் கற்பது சிரமம். செல்போனில் டாக்பேக் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி) பழக்குவது நல்லது. கூட நடக்கும்போது அவர் கையை நீங்கள் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வரட்டும். உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரியும்.

கேள்வி: எங்க அம்மாயிக்கு (அம்மாவோட அம்மா) கண்ணு மங்கிருச்சு. செவுத்துல சின்னச் சின்னப் புள்ளைங்க பாவாடை கட்டி நிக்கறாங்கன்னு சொல்றாங்க. காத்து கருப்புன்னு சொந்தக்காரங்க மந்திரிக்கச் சொல்றாங்க.
– வாசகர், கோபி

பதில்: மந்திரிக்க வேண்டாம். இது மனநோயாகவும் இருக்க வாய்ப்புக் குறைவு. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தானே உருவங்களை உண்டாக்கிக்கொள்ளும். ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே என்ற அறிஞர் தன் தாத்தாவுக்கு இப்படி இருந்ததை 1760-ல் எழுதினார்; அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. குட்டி மனிதர்கள், முகங்கள், பூ வேலைப்பாடு என்று வரும். வெறும் காட்சிதான், பேசாது, வாசம் வராது.

உருவம் தெரியும்போது விளக்கைப் போடுங்கள். கண்ணை இடமும் வலமும் நாலைந்து தடவை வேகமாக ஓட்டச் சொல்லுங்கள், அல்லது எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கட்டும். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு” என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பயத்தில்தான் பல பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. உருவங்கள் பேசினாலோ, அம்மாயிக்கு நாள் கிழமை குழம்பினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மின்னல் வெட்டுவது போலவோ திரை இறங்குவது போலவோ தெரிந்தால் அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விழித்திரை பிரிந்திருக்கலாம்.

கேள்வி: காய்கறிக் கடை வெச்சிருக்கேன், பார்வை இல்லை. நோட்டைத் தடவிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க?
– வாசகர், ஈரோடு

பதில்: புது நோட்டில் 50, 100, 200, 500 நான்கும் ஒரே அகலம், 66 மி.மீ. நீளம் முறையே 135, 142, 146, 150 மி.மீ. 4 மி.மீ. வித்தியாசத்தை அவசரத்தில் கை தவறவிடும். ஓரத்தில் மேடாக இருக்கும் கோடுகளையும் தடவுங்கள்: 100-க்கு நான்கு, 200-க்கு நான்கு கோடும் இரண்டு வட்டமும், 500-க்கு ஐந்து. கசங்கிய நோட்டில் கோடு தேய்ந்திருக்கும். பழைய 100 ரூபாய் நோட்டு 157 மி.மீ., புது 500-ஐவிட நீளம், ஏமாறுவது அங்கேதான். அதன் அகலம் 73 மி.மீ. என்பதால் அகலத்தை முதலில் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி இணையம் இல்லாமலே மதிப்பைச் சொல்லும். வாங்கியதும் 500-ஐ நீளவாக்கிலும் 200-ஐக் குறுக்கிலும் மடித்து, 100-ஐ மடிக்காமல் வைத்தால் திருப்பிக் கொடுக்கும்போது தடவத் தேவையில்லை.

கேள்வி: டிகிரி முடிச்சிருக்கேன். பார்வை இல்லாதவங்களுக்குப் பயிற்சி தர்ற இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும்?
– வாசகி, தாராபுரம்

பதில்: பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்புக் கல்வி பி.எட். ஒரு நல்ல வழி. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தில் உண்டு. எங்கே படித்தாலும் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம். 1992-ம் ஆண்டுச் சட்டம் அது.

கண் ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது மிக முக்கியம். பார்வை எவ்வளவு கூர்மை என்று சொல்லும் 6/60 போன்ற எண் மட்டும் போதாது, பார்வைப் பரப்பையும், அதாவது கண் அசையாமல் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதையும், பாருங்கள். நடுப்பார்வை போனவர் தெருவில் தாராளமாக நடப்பார், எதிரில் வருபவர் முகம் தெரியாது. பரப்புச் சுருங்கியவர் பேப்பர் படிப்பார், வாசற்படியில் தடுக்கி விழுவார்; நடிக்கிறான் என்று வீட்டிலேயே திட்டுவார்கள். முதலாமவருக்குப் பூதக்கண்ணாடி உதவும். இரண்டாமவருக்கு அது எழுத்தைப் பெரிதாக்கி, ஒரே பார்வையில் தெரியும் எழுத்துகளைக் குறைத்துவிடும். அவருக்கு நல்ல வெளிச்சமும், படி விளிம்பில் மஞ்சள் பட்டையும், கோலும்தான் தேவை.

“அங்கே”, “இந்தப் பக்கம்” என்ற சொற்களை இன்றே விட்டுவிடுங்கள். தட்டைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, “தட்டில் 3 மணிப் பக்கம் பொரியல், தட்டுக்கு வெளியே 9 மணிப் பக்கம் தண்ணீர்” என்று சொல்லிப் பழகுங்கள்.