மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் கொதிக்கும் அம்பாசிடர்

கேள்வி: என்னிடம் 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. குன்னூருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் மட்டும், குன்னூரை நெருங்கும்போது ரேடியேட்டரிலிருந்து ஆவியும் தண்ணீரும் கொட்டுகின்றன. ஆனால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுவதில்லை. அப்போது நிறுத்தினால் கால் மணி நேரத்துக்கு ஸ்டார்ட்டும் ஆகாது. தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். முள் சிவப்புக்குப் போகவில்லை என்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை என்றால், உங்கள் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை. தண்ணீர்தான் அவசரப்பட்டுக் கொதிக்கிறது.

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். ஏற்றத்தில் இழுக்கும் என்ஜினில் தண்ணீர் 90-ஐத் தாண்டுவது சகஜம். அதை அழுத்தி வைத்துக் கொதிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது ரேடியேட்டர் மூடி. 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிப்பது) ஒழுங்காக இருந்தால் குன்னூர் உயரத்திலும் 105 டிகிரி வரை தாங்கும். அது செத்துப்போயிருந்தால் வெறும் 94தான்.

ஆகவே முதலில் மூடி. வண்டி நன்றாகச் சூடேறியதும், ஃபேனில் கை படாமல், தடித்த துணியால் மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தால் மூடி அழுத்தம் பிடிக்கிறது. தொளதொளவென்று அமுங்கினால் பிடிக்கவில்லை. என்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்து, விளிம்பின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். புதுசு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் உயரத்தை ஒப்பிட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வகை ரேடியேட்டர்களில் கழுத்து ஆழமானது; இன்றைய வண்டிகளின் மூடி மேலே அழகாகப் பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே ஸ்பிரிங் அடியைத் தொடவே தொடாது. கடைக்காரரும் ‘செட் ஆயிடுச்சு சார்’ என்று அனுப்பிவிடுவார். அதிக அழுத்தம் நல்லதுதானே என்று 13, 15 பவுண்டு மூடி போட்டுவிடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும்.

விளிம்பு வரை தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். இந்த வண்டிகளில் வழியும் தண்ணீரைத் திருப்பி எடுக்கும் பாட்டில் கிடையாது. சூட்டில் விரியும் தண்ணீர் குழாய் வழியே சாலைக்குத்தான் போகும். ஓர் அங்குலம் குறைத்தே ஊற்றுங்கள். வழியில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற வேண்டாம், வண்டல் உள்ளே தங்கிவிடும். டிஸ்டில்ட் வாட்டரோடு கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையும் கூடும், டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாப் பக்கம் உறைபனியில் வண்டி நின்றாலும் கவலையில்லை.

மூடி மாற்றியும் கொதித்தால் அடுத்தது ஃபேன் பெல்ட். கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம்தான் இறங்க வேண்டும். பிறகு கீழ் ஹோஸ். ஒருவரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், உறிஞ்சலில் அது ஒட்டிப்போனால் மாற்றுங்கள். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் சூடு ஏறும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை: சமதரையில் கொஞ்ச தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். ரேடியேட்டர் அடைப்பு எல்லாவற்றுக்கும் பிறகு. ரேடியேட்டரின் டாங்கியைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்வது செலவுள்ள வேலை.

ஸ்டார்ட் ஆகாதது வேறு வியாதி. நிறுத்தியதும் பானட்டுக்குள் சூடு ஏறி, பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் பெட்ரோலே ஆவியாகிவிடுகிறது. உயரத்தில் இது இன்னும் சுலபமாக நடக்கும். பானட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினால் சீக்கிரம் சரியாகும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்றும் பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

ஓட்டும் விதமும் முக்கியம். மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறாதீர்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் என்ஜின் வேகத்தில்தான் சுற்றுகின்றன. இரண்டாவதில் ஏறினால் சத்தம் கூடும், ஆனால் காற்றும் தண்ணீரும் நன்றாக ஓடும். மே மாதக் கூட்டத்தில் ஊர்ந்து ஏறுவதைவிட விடியற்காலையில் கிளம்புவது மேல்.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் குளிரில் என்ஜின் சூடேறவே நேரமாகும். பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் தேயும். கொதிக்கும் தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று சோதித்து, திறந்தால் திரும்ப மாட்டுங்கள். எலக்ட்ரிக் ஃபேன், பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவுக்குப் பெரிய சுமை; இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். இவ்வளவும் செய்த பிறகு முள் சிவப்புக்குப் போனாலோ, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தாலோ, என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அந்த நிலையில் மலை ஏற்ற வேண்டாம்.