ஆபரேஷனுக்கு முன் கோவைக்கு எத்தனை நடை?

கேள்வி (கொரோனா பரவிய காலத்தில் வந்தது): தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் இருக்கிறோம். என் மனைவிக்கு வயது 38, எடை 104 கிலோ, உயரம் 158 செ.மீ. ஆறு வருடமாக சுகர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார். இரவில் பலமான குறட்டை. எடைக்குறைப்பு ஆபரேஷனுக்காக கோவையில் ஒரு மருத்துவமனையில் விசாரித்தோம். ‘கொரோனா நேரத்தில் அலைய வேண்டாம், வீடியோவிலேயே பார்க்கிறோம், கடைசியில் ஒருமுறை வந்தால் போதும்’ என்கிறார்கள். தொட்டுப் பார்க்காமல் இவ்வளவு பெரிய ஆபரேஷனை முடிவு செய்யலாமா? நாங்கள் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: செய்யலாம். இந்த ஆபரேஷனுக்கு முந்தைய வேலையில் பெரும்பங்கு பேச்சும் ரிப்போர்ட் பார்ப்பதும்தான். சர்ஜன், சுகர் டாக்டர், டயட்டீஷியன், மனநல ஆலோசகர் என்று நான்கைந்து பேரிடம் தனித்தனியாகப் பேச வேண்டும். அதற்கெல்லாம் தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் தாண்டி, ஒவ்வொரு முறையும் தொற்று உள்ள ஊருக்குப் போய்வருவது வீண். வீடியோவில் பார்ப்பதற்கு விதிமுறையும் இருக்கிறது. 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் நெறிமுறைப்படி, மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். ‘இதை நேரில்தான் பார்க்க வேண்டும்’ என்று டாக்டர் எந்தக் கட்டத்திலும் சொல்லலாம். அப்படிச் சொல்லும் டாக்டரை நம்புங்கள்.

ஆனால் வீடியோவில் டாக்டர் பார்ப்பது நீங்கள் கொடுக்கும் எண்களைத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 104 கிலோவை 1.58 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 41.7. எப்போதோ செருப்போடு அளந்த நினைவில் 162 என்று சொல்லிவிட்டால் 39.6. நான்கு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் மருத்துவக் காப்பீடு இருந்தால் அது பெரிய வித்தியாசம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பாலிசி வாசகப்படி இந்த ஆபரேஷனுக்கு பிஎம்ஐ 40 வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து, கட்டுப்படாத டைப் 2 சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். வேறு வழிகளில் எடை குறைக்க முயன்று முடியாமல் போனதற்குச் சான்றும் கேட்பார்கள். மருத்துவக் கணக்கு இதைவிடத் தளர்வானது. நம் நாட்டு சர்ஜன்கள் பொதுவாக 35-லிருந்து, சுகர் போன்ற தொல்லை இருந்தால் 30-லிருந்தே யோசிப்பார்கள். டாக்டர் ‘செய்யலாம்’ என்பதும் காப்பீட்டு நிறுவனம் ‘தருகிறோம்’ என்பதும் ஒன்றல்ல. அதனால் உயரத்தையும் எடையையும் பக்கத்து கிளினிக்கில் ஒருமுறை அளந்து, தேதி, கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

அதன்பின் வாராவாரம் எடை பார்க்க வீட்டுத் தராசு போதும். பாய் மேல், கார்பெட் மேல் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். தராசு தாங்கும் எடை அதன் அடியிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டிய எடையுள்ளவர்கள் அரிசி மண்டி எலக்ட்ரானிக் தராசில் ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது சரியாகவே காட்டும்.

பிபி மெஷினில் இன்னொரு சிக்கல். அதோடு வரும், கையில் சுற்றும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் டேப் வைத்துப் பாருங்கள். 32-ஐத் தாண்டினால் பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும். பட்டை இறுக்கமாக இருந்தால், இல்லாத உயர் பிபி இருப்பதாகக் காட்டும். அதை நம்பித் தேவையில்லாத மாத்திரையும் சேரும். கழுத்தையும் அளந்து வையுங்கள். 40 செ.மீ.க்கு மேல் என்றால் மயக்க டாக்டர் கவனமாகக் கேட்பார்.

குறட்டைதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவிக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இரவு இரண்டு மணி வாக்கில் செல்போனில் ஐந்து நிமிடம் படம் எடுங்கள். முகத்தைவிட நெஞ்சும் வயிறும் தெரிவது நல்லது. நெஞ்சு ஏறி இறங்கியும் மூச்சுச் சத்தம் இல்லாமல் பத்து விநாடி கடந்து, பிறகு திடுக்கென்று ஒரு குறட்டை வந்தால் அது வெறும் குறட்டை இல்லை. குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பது, பிபி, பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு, ஆண் என எட்டுக் கேள்விக்கு ஒவ்வொரு மதிப்பெண். ஐந்து வந்தால் ஆபத்து அதிகம். மூன்று, நான்கு என்றாலும் விடக்கூடாது. வீட்டிலேயே ஓர் இரவு மாட்டிக்கொண்டு தூங்கும் பரிசோதனைக் கருவி உண்டு, கோவைக்காரர்களிடம் கேளுங்கள். மூச்சடைப்பு உறுதியானால், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷினில் சில வாரம் தூங்கிப் பழகிய பிறகே மயக்கம் கொடுப்பது பாதுகாப்பு. ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது 27 அல்லது அதற்கு மேல் இருந்து, பல்ஸ் ஆக்சிமீட்டரில் விழித்திருக்கும்போதே 94-க்குக் கீழ் காட்டினால், பகலிலும் மூச்சு போதாமல் இருக்கலாம். அப்படியானால் வீடியோவை நிறுத்திவிட்டு நேரில் காட்ட வேண்டியதுதான்.

வீடியோவில் உட்காரும்போது ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, முகம் இருட்டாகிவிடும். போனை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார்கள். பல்வரிசை நடுவே மூன்று விரல் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். மூச்சுக்கான குழாய் இறக்குவது சுலபமா என்று மயக்க டாக்டர் கணிப்பது இப்படித்தான். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லும்போது உங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் 2013-ல்தான் குழாயில் வந்தது. அதற்கு முன் பல வருடம் போர் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கழுத்து, முதுகு எலும்பு விறைத்திருக்கலாம். கோவை டாக்டர் இதைக் கேட்க மறக்கலாம். பல்லில் பழுப்புக் கறையோ கழுத்துப் பிடிப்போ இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். எடைக்குறைப்பில் பைபாஸ் முறை (சாப்பாடு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போகும்படி இணைப்பது) செய்தால் கால்சியம் உறிஞ்சுவது குறையும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

வயிற்றில் சிசேரியன் தழும்பு, குடலிறக்கம் ஏதாவது இருந்தால் நின்றபடி இருமச் சொல்லிப் பார்ப்பார்கள். கூட ஒரு பெண் இருக்கட்டும். சம்மதம் இல்லாமல் யாரும் பதிவு செய்யக் கூடாது.

மனநல ஆலோசகர் பேசும்போது நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். கோபிக்காதீர்கள். இரவில் ஒளித்துச் சாப்பிடுவது, மனச்சோர்வு, ‘வீட்டில் வற்புறுத்துகிறார்கள்’ என்பதையெல்லாம் கணவனும் மாமியாரும் பக்கத்தில் இருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். வீடியோ ஆலோசனையின் பெரிய ஓட்டை இது. நேரில் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும்.

டயட்டீஷியனிடம் ‘ரெண்டு களி’ என்றால் கோவையில் புரியாது. கேழ்வரகுக் களி உருண்டையைச் சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துச் சொல்லுங்கள். டீயையும் மறைக்காதீர்கள். நாளுக்கு ஐந்து டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 முதல் 50 கிராம் சர்க்கரை அதிலேயே போகிறது.

ரத்தப் பரிசோதனைகள், ஈசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், எக்கோ எல்லாம் தருமபுரி டவுனிலேயே எடுத்துவிடலாம். ஹெச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி), கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, பி12, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு) கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். ஈசிஜி தாளில் கோடுகள் நாளடைவில் மங்கிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். மடிப்பும் நிழலும் விழுந்த வாட்ஸ்அப் போட்டோவில் ஈசிஜி படிக்கவே முடியாது. ரிப்போர்ட்டை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். பேசும்போது சிக்னல் போனால் ஆடியோவிலாவது வேலை முடியும்.

வாய் வழியாகக் கேமரா இறக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மட்டும் கோவையிலேயே இருக்கட்டும், சர்ஜன் தன் கண்ணால் பார்ப்பது நல்லது. நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்து உணவுக்குழாயில் புண் இருந்தால் ஸ்லீவ் முறை (இரைப்பையைக் குழாய் போலச் சிறிதாக்குவது) அதை மோசமாக்கலாம். பைபாஸ் பக்கம் சாய்வார்கள். ஆகவே எண்டோஸ்கோப்பிக்கு முன் ‘ஸ்லீவ்தான்’ என்று வீடியோவிலேயே முடிவு சொன்னால் அவசரம் என்று அர்த்தம். வயிற்றுப் புண் உண்டாக்கும் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் அப்போதே பார்ப்பார்கள். பான்டோப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை யாரும் ‘மருந்து’ கணக்கில் சொல்வதில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரி உணவு கொடுப்பார்கள். கல்லீரல் சுருங்கினால்தான் கேமரா நுழைய இடம் கிடைக்கும். மாம்பழ சீசனில் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான். ஆனால் ஆபத்து மாத்திரையில். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு கிளிமிபிரைடை அதே அளவில் போட்டால் சுகர் இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தால், சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறலாம். அதை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன் நிறுத்துவார்கள், டயட்டோடு சேர்ந்தால் இன்னும் முன்பே. நீங்களாக நிறுத்தாதீர்கள். டயட் தொடங்கும் தேதி தெரிந்ததும் சுகர் டாக்டரிடம் எந்த மாத்திரை எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது என்பதால் கருத்தடை பற்றியும் இப்போதே பேச வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை என்றால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, மாற்றச் சொல்வார்கள்.

மனைவிக்குக் கொரோனா வந்து போயிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். தொற்று உறுதியான நாளிலிருந்து ஏழு வாரம் தள்ளிப்போடுவது பாதுகாப்பு என்று 2021 மார்ச்சில் வெளியான சர்வதேச ஆய்வு காட்டியது. அறிகுறி நீடித்தால் இன்னும் தள்ளும். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் ஹெச்பிஏ1சி ஏறியிருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பயணம். எண்டோஸ்கோப்பிக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். விடியற்காலை கார் எடுத்து, வழக்கம்போல் சுகர் மாத்திரையும் போட்டுவிட்டு, சாப்பிடாமல் போனால் சங்ககிரி தாண்டும்போது கை நடுங்கும், வியர்க்கும். முந்தின நாள் மாலையே போய்த் தங்குங்கள். மறுநாள் காலை மாத்திரை வேண்டாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொட்டலமும் டிக்கியில் இல்லாமல் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும்.