ஊற்றியது எவ்வளவு, வடித்தது எவ்வளவு?

கார் ஏசி: வாசகர் கேள்வி – பதில்

கத்திரி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் கேஸ் பற்றிய கேள்விதான் அதிகம் இருக்கும். இந்த முறை பலர், ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கான ஆயில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒர்க்ஷாப்புக்கு வரும் செத்துப்போன கம்ப்ரசர்களைக் கழற்றிப் பார்த்தால், கேஸை விட ஆயில் கதைதான் அதற்குள் அதிகம் இருக்கிறது.

என்னுடைய சின்ன டீசல் காரில் கம்ப்ரசர் சத்தம் போட்டதால் புதியது மாற்றினேன். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று 250 மில்லி ஆயில் டப்பாவில் பாதியையும் சேர்த்து ஊற்றினார்கள். சத்தம் போய்விட்டது. ஆனால் மத்தியான வெயிலில் கூலிங் முன்பைவிட மோசம். கேஸ் அளவு சரி என்கிறார்கள். கம்ப்ரசர் டூப்ளிகேட்டாக இருக்குமா? – வாசகர், கரூர்

கம்ப்ரசர் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என்ஜினுக்கு இருப்பதுபோல ஏசிக்கு ஆயில் தேங்கும் தொட்டி (சம்ப்) கிடையாது. பெரும்பாலான கார் கம்ப்ரசர்களில் அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. ஆயில் கேஸோடு கலந்து கம்ப்ரசர், கன்டென்சர் (வெப்பத்தை வெளியே விடுவது), டிரையர் (ஈரத்தை உறிஞ்சுவது), கூலிங் காயில் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் காரின் மொத்தத் தேவை 120 மில்லி என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கார்களில் இதற்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். பழைய கம்ப்ரசரைக் கழற்றும்போது அதற்குள் 50 மில்லி இருந்தால், மீதி 70 மில்லி காயிலிலும் பைப்பிலும் தங்கியிருக்கிறது. புதுக் கம்ப்ரசர் பெரும்பாலும் முழு சிஸ்டத்துக்கும் வேண்டிய ஆயிலோடுதான் பெட்டியில் வருகிறது. ஆக அது ஒரு 120. அதற்கு மேல் பாதி டப்பா என்றால் 125. கூட்டினால் 315 மில்லி. 120 போதும் என்ற இடத்தில் இத்தனை!

அதிகப்படி ஆயில் கன்டென்சர் குழாய்க்குள்ளும் கூலிங் காயிலுக்குள்ளும் படலமாக ஒட்டிக்கொள்ளும். வெப்பம் உள்ளே வாங்குவதும் வெளியே விடுவதும் அந்தச் சுவர் வழியாகத்தான். சுவரில் ஆயில் படிந்தால் வெப்பம் சரியாகக் கடக்காது, கேஸ் போக வேண்டிய இடத்தையும் ஆயில் பிடித்துக்கொள்ளும், ஹை சைடு பிரஷர், அதாவது கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்பும் பக்கத்து அழுத்தம், ஏறும். சிக்னலில் நிற்கும்போது காற்று சூடாக வருகிறதா என்று கவனியுங்கள். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் அதிகம்" என்று கொஞ்சம் கேஸை வெளியே விடுவார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, புதுக் கம்ப்ரசர் மாற்றும்போது என்ன செய்திருக்க வேண்டும்? மெஷின் வைத்து கேஸை முழுதாக உறிஞ்சி வாங்கிய பிறகு பழைய கம்ப்ரசரைக் கழற்றி, பைப் மாட்டும் துளை கீழே பார்க்கும்படி அளவுக் கோப்பை மேல் கவிழ்க்க வேண்டும். கம்ப்ரசரின் முன்பக்கக் கிளட்ச் பிளேட்டைக் கையால் மெதுவாகச் சுற்றச் சுற்ற, முதலில் சரசரவென்று வரும், அப்புறம் நூல்போல இழையும், கடைசியில் சொட்டும். சொட்டுவது நிற்கும்வரை காத்திருக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமையில்தான் இந்த வேலையே இருக்கிறது. கோப்பையில் 50 மில்லி வந்தால், புதியதில் இருப்பதை முழுக்க ஒரு சுத்தமான பாத்திரத்தில் வடித்துவிட்டு, அதிலிருந்து 50 மில்லியை மட்டும் திருப்பி ஊற்ற வேண்டும். மாட்டிய பின், ஏசியைப் போடுவதற்கு முன் கிளட்ச் பிளேட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிட வேண்டும். பிஸ்டன் மேல் தேங்கிய ஆயிலோடு திடீரென்று ஓட்டினால் வால்வு தகடு உடையலாம்.

கோப்பையில் வந்த ஆயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேன் நிறமோ லேசான பச்சையோ இருந்தால் நல்லது. கறுப்பாக, விரலில் தேய்த்தால் மினுமினுவென்று பொடி ஒட்டினால், பழைய கம்ப்ரசர் தன்னைத் தானே அரைத்துச் சிஸ்டம் முழுக்க அனுப்பியிருக்கிறது. அப்போது இந்த 50 மில்லிக் கணக்கு செல்லாது. டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடுவது), கன்டென்சர் மூன்றையும் மாற்றச் சொல்வேன். இன்றைய கன்டென்சர்களின் குழாய்கள் மிக நுண்ணியவை. அவற்றுக்குள் புகுந்த உலோகப் பொடியை எந்தத் திரவம் விட்டும் நம்பி எடுக்க முடியாது. செலவு என்று இதைத் தவிர்த்தால் புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும்.

உங்கள் காரில் சத்தம்தான் வந்திருக்கிறது. பழைய ஆயில் என்ன நிறம் என்று யாரும் பார்த்தார்களா தெரியவில்லை. கடையில் கேளுங்கள். சுத்தமாக இருந்தது என்றால், கேஸை வாங்கிவிட்டு, கம்ப்ரசரை வடித்து, பைப்புகளையும் கன்டென்சரையும் காயிலையும் ஃப்ளஷ் செய்து (திரவம் விட்டுக் கழுவி) நைட்ரஜன் அடித்துக் காயவைத்து, புது டிரையர் போட்டு, பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கம்பெனி மேனுவலிலோ உள்ள முழு அளவை ஊற்றினால் போதும். எல்லாம் காலியாக இருக்கும்போதுதான் முழு அளவு. இதை மறக்காதீர்கள்.

கல் அடித்து கன்டென்சர் ஓட்டையாகிவிட்டது. கன்டென்சர் மட்டும் மாற்றினேன். ஆயில் சேர்க்க வேண்டுமா? எந்த ஆயில்? – வாசகி, தஞ்சாவூர்

கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். பழைய கன்டென்சரோடு அதிலிருந்த ஆயிலும் போய்விட்டது. பொதுவாகக் கன்டென்சருக்கு 40 மில்லி, கூலிங் காயிலுக்கு 40, டிரையருக்கு 10 முதல் 20, ஒரு ஹோஸுக்கு 10 என்று கணக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் கார் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி. கேஸ் பீறிட்டு வெளியேறியிருந்தால் ஆயிலும் கூடுதலாகப் போயிருக்கும். அப்போது கம்ப்ரசரையும் கழற்றி அளந்துவிடுவது நல்லது. மெல்லக் கசிந்திருந்தால் ஆயில் இழப்பு குறைவு.

எந்த ஆயில் என்பதைக் கம்ப்ரசர் மேலுள்ள லேபிள் சொல்லும். ஆர்134ஏ கேஸ் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் பிஏஜி என்ற செயற்கை ஆயில் வகை. அதில் 46, 100, 150 என்ற எண்கள் 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. எண் கூடினால் கெட்டி கூடும். ஜப்பான், கொரிய வகை கார்களில் 46 சாதாரணம். சான்டென் கம்பெனியின் கம்ப்ரசர்களிலேயே ஒரு மாடலுக்கு 46, இன்னொரு மாடலுக்கு 100. அதனால் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று கடைக்காரர் ஒரே டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். புதுக் கார்களில் வரும் ஆர்1234ஒய்எஃப் கேஸுக்கான பிஏஜி தனித் தயாரிப்பு. எண் ஒன்றே என்றாலும் பழைய டப்பாவை அதில் ஊற்றக் கூடாது.

வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆயிலும் விடுகிறார்கள். நல்லதுதானே? – வாசகர், திருநெல்வேலி

நல்லதில்லை. கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. வருஷா வருஷம் குறைகிறதென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் ஆயிலும் கசிந்து அதில் புழுதி படியும். பைப் ஜாயின்ட், கன்டென்சரின் கீழ் மூலை, கம்ப்ரசரின் முன்பக்க சீல், சர்வீஸ் வால்வு ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி திட்டாக இருந்தால் அங்கேதான். தெரியவில்லை என்றால் யுவி டை (புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் அந்த ஓட்டையைச் சரிசெய்யுங்கள். கேஸை மெஷினில் வாங்கும்போது கூடவே வரும் ஆயில் தனி பாட்டிலில் சேரும். அதில் 10 மில்லி இருந்தால் 10 மில்லி புது ஆயில் விட்டால் போதும். ஓட்டையை அடைக்கும் மருந்து கலந்த டப்பாக்களை நான் தொடுவதே இல்லை. அது உள்ளே மட்டுமில்லாமல் கடைக்காரரின் மெஷினிலும் போய் அடைத்துக்கொள்ளும்.

அப்பா வைத்திருந்த 1992 மாடல் காரில் ஏசியை உயிர்ப்பிக்க ஆசை. ஆர்12 என்று ஸ்டிக்கர் இருக்கிறது. ஆர்134ஏ அடித்தால் போதும் என்கிறார்கள். – வாசகர், பொள்ளாச்சி

போதாது. ஆர்12 என்ற பழைய கேஸ் காலத்து ஆயில் மினரல் ஆயில். அது ஆர்134ஏவோடு கலக்காது. கலக்காத ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் காயிலில் தேங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆயிலை முடிந்தவரை வடித்து, ஃப்ளஷ் செய்து, ஓ-ரிங்குகளையும் டிரையரையும் மாற்றி எஸ்டர் ஆயில் போடச் சொல்லுங்கள். மிச்சம் மீதி மினரல் ஆயிலை எஸ்டர் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேஸையும் பழைய அளவுக்குச் சமமாக அடிக்காமல் சற்றுக் குறைவாக அடிக்க வேண்டும். அப்பாவின் காரில் மறுபடி குளிர்காற்று வரட்டும், வந்ததும் எழுதுங்கள்.

எலக்ட்ரிக் காருக்கும் இதே ஆயில்தானா? – வாசகி, சென்னை

இல்லவே இல்லை. இதை ஒவ்வொரு மெக்கானிக்கும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எலக்ட்ரிக் காரின் கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அதன் சுருள்கள் கேஸிலும் ஆயிலிலும் நனைந்துகொண்டே ஓடுகின்றன. அதில் உயர் மின்னழுத்தம். அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஈ வகை (இதுவும் எஸ்டர் ஆயில்தான்) பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களுக்கு. என்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசருக்கான சாதாரண பிஏஜி கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறைந்து, கார் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கிளம்பவே மறுக்கலாம். டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. பெட்ரோல் காருக்குப் பயன்படுத்திய மெஷின் ஹோஸில் தங்கிய ஆயிலே போதும். எலக்ட்ரிக் காருக்குத் தனி ஹோஸும், உள்ளே சுத்தம் செய்யும் வசதியுள்ள மெஷினும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கொடுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளை, பயிற்சி இல்லாத யாரும் தொட வேண்டாம்.

பாதி மீந்த ஆயில் டப்பாவை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம். பிஏஜி, பிஓஈ இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உங்கள் கடற்கரைக் காற்றில் இன்னும் வேகமாக. ஈரம் சேர்ந்த ஆயில் உள்ளே அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அப்படி உறிஞ்சிய ஈரத்தை, உள்ளிருக்கும் காற்றை இழுக்கும் வேக்கும் பம்பை அரைமணி நேரம் ஓட்டினாலும் முழுதாக எடுக்க முடியாது. சின்ன டப்பாவாக வாங்கி, ஊற்றும் நிமிடத்தில் திறந்து, மிச்சத்தை அன்றே கழித்துவிடுங்கள்.