திருமண நாளுக்கு மூன்று கிராம்

கேள்வி: வரும் ஆகஸ்டில் எங்களுக்குத் திருமணமாகிப் பத்து வருடம் ஆகிறது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மனைவி மருத்துவமனையில் தாதி. 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சேர்த்து வைத்திருக்கிறேன். நண்பர், "999 தங்கக் கட்டியாக வாங்கு, நகைக்குச் செய்கூலி தண்டம்" என்கிறார். அம்மா, "916 தோடு வாங்கு" என்கிறார். மனைவியோ, "ஒண்ணும் வேண்டாம், பிள்ளைக்கு டியூஷன் காசு கட்டுங்க" என்கிறார். வேலைக்குப் போகும்போது தாலிச் சங்கிலியைத் தவிர அவர் எதுவும் போடுவதில்லை. எதை வாங்கலாம்? கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, உங்கள் நண்பரும் அம்மாவும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். நண்பர் சொல்வது சேமிப்பு. அம்மா சொல்வது நகை. 2,000 வெள்ளிக்கு வரும் சுமார் மூன்று கிராமில் இரண்டையும் தேடினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். கடைக்குள் கால் வைக்கும் முன்பே இதில் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.

சேமிப்பு என்றால் நண்பர் சொல்வது சரி. 999 என்பது 24 காரட், கிட்டத்தட்ட முழுத் தங்கம். அட்டையில் அடைத்து ஒட்டிய ஒரு கிராம் கட்டிகூடக் கிடைக்கிறது. ஆனால் கட்டி சிறிதாகச் சிறிதாக கிராமுக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஏறும். விற்கும் விலையோடு, திரும்ப வாங்கும் விலையையும் அன்றைக்கே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் செலவு. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2001 முதல் வெளியிடும் கீஜாங் எமாஸ் தங்க நாணயமும் இருக்கிறது. அதில் மிகச் சிறியது கால் அவுன்ஸ், ஏறக்குறைய 7.78 கிராம். ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. அதுவும் போக, பத்தாவது திருமண நாளன்று பிளாஸ்டிக் அட்டையை நீட்டினால் உங்கள் மனைவி அதை அலமாரியில் பிறப்புப் பத்திரங்களோடு வைத்துவிடுவார்.

எனவே நகைக்கு வருவோம். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளி உலோகமும். சுத்தத் தங்கம் மென்மையானது, கொக்கியும் திருகாணியும் தேய்ந்துவிடும். அந்தக் கலப்புதான் நகைக்கு உறுதி தருகிறது. கல் பதித்த மோதிரங்களில் 750, அதாவது 18 காரட், பார்ப்பீர்கள். கல்லைப் பிடித்துக்கொள்ள அது நல்லது. ஆனால் கையோடு வைத்திருக்கும் தங்கம் என்று நம் வீடுகளில் நினைப்பது 916-ஐத்தான்.

இப்போது கூலிக்கு வருவோம். விலைப்பலகையில் எழுதியிருக்கும் கிராம் விலையைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கணக்குக்காக ஒரு கிராம் 500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.20 கிராம் சாதாரணத் தோடு, கூலி 240 வெள்ளி என்றால் மொத்தம் 1,840. பக்கத்திலேயே 2.20 கிராமில் பூ வேலை செய்த அழகான தோடு, கூலி 400, மொத்தம் 1,500. இரண்டாவது மலிவு என்று தோன்றும். மொத்தத்தைக் கிராமால் வகுத்துப் பாருங்கள். முதலாவது கிராமுக்கு 575, இரண்டாவது ஏறக்குறைய 682. கைப்பேசியில் பத்து விநாடி வேலை. சின்ன நகைக்குத்தான் இது அவசியம். இருபது கிராம் சங்கிலியில் கரைந்துபோகும் கூலி மூன்று கிராம் தோட்டில் உங்கள் பணத்தில் கால் பங்கைத் தின்றுவிடும். திரும்ப விற்கும்போது அந்தக் கூலியில் ஒரு காசுகூட வராது.

இதனால்தான் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உலகச் சந்தையில் தங்கம் டாலரில், 31.1 கிராம் கொண்ட அவுன்ஸில் ஓடுகிறது. ரிங்கிட் மாற்று விகிதமும் சேர்ந்து நம் பலகையில் விழுகிறது. அதை நீங்களும் நானும் ஊகிக்க முடியாது. கிராமுக்குப் பத்து வெள்ளி இறங்கினாலும் மூன்று கிராமுக்கு முப்பது வெள்ளிதான். நல்ல கடையில் கூலியைப் பேசிக் குறைத்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும். பேசுங்கள், வெட்கப்படாதீர்கள். கிராம் விலையில் யாரும் இறங்கமாட்டார்கள், கூலியில் இறங்குவார்கள்.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால் தோடு வேண்டாம், தாலிச் சங்கிலியில் கோர்க்க இரண்டு தங்கக் குண்டு. வார்டில் கை கழுவிக்கொண்டே இருக்கிறவருக்கு மோதிரமும் கைச்சங்கிலியும் வேலைக்கு ஒத்துவராது. கழற்றிக் கழற்றி வைத்து ஒருநாள் காணாமல் போகும். தோடு காதில் நிற்கும்தான், ஆனால் அவர் அதையும் போடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரமும் அவர் மேலே இருப்பது அந்தச் சங்கிலி ஒன்றுதான். பத்து வருடத்தில் அதில் ஏதாவது சேர்த்தீர்களா?

குண்டு வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அப்பாவின் பட்டறையில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடமே இதுதான். பெரும்பாலான குண்டுகள் உள்ளே வெற்றாக இருக்கும். மெல்லிய தகட்டை இரண்டு கிண்ணமாகத் தட்டி, நடுவில் பற்றவைத்து உருட்டியிருப்பார்கள். சிலவற்றில் நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கு ஊற்றியிருக்கும். ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். தகடு உள்ளே போய் வருவது போலிருந்தால் அது சீருடைக்குள் ஆறு மாதம் தாங்காது. துளை வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்போ சிவப்போ தெரிந்தால் அரக்கு. அரக்கு இருப்பது குற்றமில்லை, ஆனால் அந்த எடைக்குத் தங்க விலை கொடுக்கக் கூடாது. "அரக்கு போக எடை எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே கடைக்காரர் உங்களிடம் பேசும் விதம் மாறும்.

எடை போடும்போது விலைச்சீட்டையும் அதைக் கட்டிய நூலையும் கழற்றச் சொல்லுங்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு நகையை வைக்கட்டும். இரண்டு தசம இலக்கம் காட்டும் தராசில் 0.10 கிராம் என்பது, மேலே போட்ட கணக்குப்படி, 50 வெள்ளி.

916 முத்திரையையும் பாருங்கள். குண்டு போன்ற சின்னப் பொருளில் கண்ணுக்கே தெரியாது. பூதக்கண்ணாடி கேட்டால் தருவார்கள். விலைமதிப்புள்ள உலோகங்களுக்கு நம் நாட்டில் 1994 முதல் தனி விதிமுறை இருக்கிறது. எந்தத் தரம் என்று பொருளில் பொறித்திருக்க வேண்டும். ரசீதில் தரம், எடை, அன்றைய கிராம் விலை, கூலி நான்கும் தனித்தனியாக இருக்கட்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய ரசீதை நான் வாங்கமாட்டேன். "இதையே திரும்பக் கொண்டுவந்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்பதையும் கேட்டு, அதன் ஓரத்திலேயே எழுதி வாங்குங்கள். பிறகு ஏதாவது தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை ஐந்து வெள்ளி கட்டணத்தில் பதியலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது தெளிவாக இருந்தால் அங்கே போகும் நிலையே பெரும்பாலும் வராது.

கடை எது என்று கேட்டிருந்தால் பெயர் சொல்லமாட்டேன். பெரியில் (படகில்) பினாங்குத் தீவுக்கு வந்து லிட்டில் இந்தியாவிலும் கேம்பல் ஸ்திரீட்டிலும் மூன்று கடை ஏறி இறங்குங்கள். தாலிக் குண்டுக்கு நம் கடைகளில் வகை அதிகம் இருக்கும். கூலியை ஒப்பிட மற்றக் கடைகளும் உதவும். முதல் கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை, மனைவி தாதி என்பதால். பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளையாகிவிடும். பழைய இரத்த அழுத்தக் கருவி உடைந்து மோதிரம் வெளுத்துப்போய் ஓர் அம்மா எங்களிடம் அழுதுகொண்டு வந்திருக்கிறார். இப்போது அந்தக் கருவிகள் குறைந்துவிட்டன, ஆனாலும் சொல்லி வையுங்கள். குளோராக்ஸ் வெளுப்பானில் கை வைக்கும்போது சங்கிலி அதில் தொங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மீதிப் பணம் இருந்தால் உங்கள் நண்பர் சொன்ன ஒரு கிராம் கட்டியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், தடையில்லை. அல்லது டியூஷன் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. குண்டின் துளை சங்கிலி நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். நிறையப் பேர் வாங்கி வந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். தாலியில் எத்தனை சேர்க்கலாம், எந்த நாளில் கோர்க்கலாம் என்று உங்கள் வீட்டு வழக்கமும் இருக்கும், அதை அம்மாவிடம் கேளுங்கள். இரகசியமாகச் செய்ய நினைத்திருந்தால், சங்கிலியின் தடிமனை ஒரு நூலிலாவது அளந்துகொண்டு போங்கள். கோர்ப்பது ஐந்து நிமிட வேலை, ஆனால் அதற்குச் சங்கிலி கடைக்கு வரவேண்டும். எனவே அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் பெரி ஏற வேண்டியிருக்கும்.