எந்த விமான நிலையத்தில் இறங்குவது?

கேள்வி: லண்டன், நியூயார்க், டோக்கியோ போன்ற பெருநகரங்களில் இரண்டு, மூன்று, ஏன் ஆறு விமான நிலையங்கள்கூட இருக்கின்றன. எதில் இறங்கினாலும் ஒரே ஊர்தானே? கட்டணம் குறைந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போகாமல் இதற்கு ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: ஒரே ஊர் இல்லை, ஐயா. லண்டன் என்ற பெயரைத் தாங்கிய ஆறு நிலையங்களில் ஹீத்ரோ, லண்டன் சிட்டி இரண்டு மட்டுமே அந்த மாநகர எல்லைக்குள் இருக்கின்றன. கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சவுத்எண்ட் நான்கும் எல்லைக்கு வெளியே. பாரிஸ் போவே என்பது பாரிஸிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் என்று விற்கப்படும் நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, வேறு மாநிலத்திலேயே இருக்கிறது. பெரிய ஊரின் பெயரை ஒட்டவைத்தால் டிக்கெட் விற்றுப்போகிறது. விற்பவரின் கவலை அதோடு தீர்ந்தது. பெட்டியும் கையுமாக நிற்கப்போகிறவர் நீங்கள்.

அதனால் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அன்றிரவு படுக்கப்போகிற இடத்தின் முகவரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் போகிறவருக்கு ஹீத்ரோவைவிட ஸ்டான்ஸ்டெட் எவ்வளவோ மேல். நேரே ரயில் இருக்கிறது. பிரைட்டன் போகிறவர் கேட்விக்கில் இறங்குவதுதான் சரி. நியூ ஜெர்சியில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர், நியூயார்க் என்ற பெயருக்காக ஜே.எஃப்.கே.யில் இறங்கி, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தாண்டிப் போவானேன்? நூவர்க் நிலையம் நியூ ஜெர்சியிலேயே இருக்கிறது. பெரிய நிலையம்தான் நல்லது என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது கடிகாரம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டோக்கியோவை எடுத்துக்கொள்வோம். நரிட்டா நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், ஹனேடா சுமார் 15 கிலோமீட்டர். இரவு 10.15க்கு நரிட்டா வந்துசேரும் மலிவான டிக்கெட் ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் 10.15 என்பது விமானம் நிற்குமிடத்துக்கு வந்துசேரும் நேரம், நீங்கள் வெளியே வரும் நேரம் அல்ல. கதவு திறக்க வேண்டும், இமிக்ரேஷன் வரிசையில் நகர வேண்டும், பெட்டி வர வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் மணி 11.15. நகருக்குப் போகும் ரயில்கள் ஓய்ந்துபோகிற நேரம் அது. விமானம் அரை மணி தாமதமானால் அதுவும் இல்லை. பிறகு 60 கிலோமீட்டருக்கு டாக்ஸி, அல்லது நிலையத்து நாற்காலியில் விடியும்வரை காவல். ஹனேடாவிலும் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுபோகும்தான். ஆனால் டாக்ஸிக்குத் தூரம் நான்கில் ஒரு பங்கு. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நால்வர் போகிற குடும்பமானால் ரயில் கட்டணத்தை நான்கால் பெருக்கி, திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் சொந்தக் கட்டுப்பாடுகளும் உண்டு. பாரிஸின் ஓர்லியில் இரவு 11.30 முதல் காலை 6 மணி வரை வழக்கமான விமானப் போக்குவரத்து கிடையாது. லண்டன் சிட்டி சனிக்கிழமை நண்பகலை ஒட்டி மூடினால் ஞாயிறு நண்பகலுக்குப் பிறகுதான் திறக்கிறது. நியூயார்க்கின் லாகார்டியாவிலிருந்து சில விலக்குகள் தவிர 1,500 மைலுக்கு அப்பால் இடைநில்லா விமானம் செல்ல அனுமதியில்லை.

வானிலையை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோ நிலையத்தில் விமானங்கள் வழக்கமாகத் தரையிறங்கும் இணையான இரு ஓடுபாதைகளுக்கு இடையே வெறும் 750 அடிதான் இடைவெளி. வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானங்கள் பக்கம் பக்கமாக இறங்கும். கோடைக் காலையில் கடலிலிருந்து தாழ்ந்த மேகம் வந்து மூடிவிட்டால் அப்படி இறக்க முடியாது. இறங்கும் எண்ணிக்கை சரிய, தாமதம் நாள் முழுக்க அடுக்கடுக்காக ஏறும். வளைகுடாவின் எதிர்க்கரையில் ஓக்லண்ட் நிலையமும், தெற்கே சான் ஹொசேயும் இருக்கின்றன. காலையில் தவறவிடக் கூடாத வேலை இருக்கிறவர் அந்த இரண்டையும் பார்க்காமல் டிக்கெட் எடுப்பது சரியில்லை.

ஆனால் சிறிய நிலையத்தில் வேறொரு ஆபத்து. உங்கள் விமானம் ரத்தானால் அடுத்தது எப்போது? பெரிய நிலையத்தில் அதே நிறுவனத்துக்கு மாலையில் இன்னொன்று இருக்கலாம். வாரத்துக்கு மூன்றே நாள் விமானம் வரும் இடத்தில் நீங்கள் இரண்டு நாள் காத்திருக்க நேரும். ஒரு நாளில் எத்தனை விமானங்கள் என்பதையும் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தேடும்போது நகரத்துக்கான பொதுக் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள், லண்டனுக்கு எல்.ஓ.என்., நியூயார்க்குக்கு என்.ஒய்.சி. எல்லா நிலையங்களும் ஒரே பட்டியலில் வந்துவிடும். பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரியிலும் நிலையத்தின் குறியீட்டைப் படியுங்கள். வழியில் விமானம் மாறும் சில டிக்கெட்டுகளில், இறங்கும் நிலையம் ஒன்று, அடுத்த விமானம் புறப்படும் நிலையம் வேறொன்று என்று மூன்றே எழுத்தில் எழுதியிருக்கும். இதை மூலையில் சின்ன எழுத்தில் போட்டு விற்கிறவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. நரிட்டாவிலிருந்து ஹனேடாவுக்கு நெரிசல் இல்லாவிட்டாலே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹீத்ரோவில் இறங்கிக் கேட்விக்கில் ஏறுகிறவர் இமிக்ரேஷனைத் தாண்டி, பெட்டியை எடுத்து, சாலையில் சுமந்துகொண்டு போய், மறுபடி ஒப்படைக்க வேண்டும். விசா தேவைப்படும் நாட்டவரானால் அதற்கும் அனுமதி வேண்டும். அது இல்லாதவரைப் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடலாம். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதித்ததற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது.

வயதானவர்களையோ குழந்தையோடு தனியே வரும் தாயையோ இப்படி நிலையம் மாறும் டிக்கெட்டில் அனுப்பாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் பயண நாள் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அழைத்து, மாற்றுவதற்கான கட்டணத்தைக் கட்டியாவது இரண்டு விமானங்களையும் ஒரே நிலையத்துக்கு மாற்றித்தரக் கேளுங்கள். அது முடியாதென்றால், விசா இருக்கிற பட்சத்தில், இரண்டாவது விமானத்தை மறுநாளுக்குத் தள்ளி, அது புறப்படும் நிலையத்தின் அருகிலேயே அன்றிரவுக்கு ஓர் அறை எடுத்துக்கொடுங்கள்.